துண்டு தோளில் இருக்கும்போது

சலவைக்கூடத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிற ஆள் அங்குள்ள மேற்பார்வையாளர்தான் என்று கேள்விப்பட்டால், ஐயோ பாவம், என்ன உழைப்பு என்று நினைக்கத் தோன்றும். நினைக்க வேண்டாம். அவள் போவது எலும்பு ராஜாவின் மண்டையை உடைக்க.

சுற்றுவட்டார ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அங்கேதான் வெளுத்து, காய்ந்து, இஸ்திரியாகி மடிகின்றன. இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அவள் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஒரு ஊதல் ஊதினால் கொதிகலனைப் பார் என்று அர்த்தம். இரண்டு ஊதினால் வண்டி வந்துவிட்டது. சொந்தப் பெயர் எப்போதோ வெளுத்துப் போய், இப்போது எல்லோருக்கும் அவள் விசிலக்காதான். கட்டின கணவனே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடிப்பறையின் நீள மேஜை காலியாக இருக்கும். கறை போகவில்லை என்று ஓட்டல்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய விரிப்பு ஒன்றை அதன்மேல் விரித்து, மலையும் ஆறும் கோட்டையும் ஆலயமும் மார்க்கரால் வரைந்து வைத்திருந்தார்கள். கறை இருந்த இடம் சதுப்பு நிலம். அதுதான் விளையாட்டுக் களம்.

விளையாட்டு இதுதான். மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய கொழுந்தன் கதையை நடத்துவான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்தக் கதைக்குள் புகுந்துகொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா, சொதப்பியதா என்று இருபது முகப் பகடை சொல்லும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன் அங்கே திருடன். அவளோடு பள்ளியில் படித்த தோழி, பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவள், அங்கே வில்லாளி. விசிலக்கா விடியல் தெய்வத்தின் போர்ப்பூசாரி, கையில் கதாயுதம். துவைக்க வந்த கோட்டுகளிலிருந்து உதிர்ந்து, கேட்க நாதியில்லாமல் கிடந்த பொத்தான்கள்தான் வீரர்கள். அவளுடையது பித்தளைப் பொத்தான். எதிரிகள் எல்லாம் மருந்துப் புட்டிகளின் வெள்ளை மூடிகள்.

முதல் ஆட்டத்திலேயே எலும்பு ராஜா அவளுடைய கோவேறு கழுதையைக் கொன்றுவிட்டான். ஒரே வீச்சு. கழுதைக்கு அவள் பெயர்கூட வைத்து முடிக்கவில்லை. "உன் மண்டையை என் கையாலதான் உடைப்பேன்" என்று அன்றைக்கு எழுந்து நின்று சபதம் போட்டவள், மூன்று வருடமாக அந்த ஒரு அடிக்காகக் காத்திருக்கிறாள். வாரம் முழுக்க லீவு வேணும், ஷிப்ட் மாத்தணும், மெஷின் நின்னுடுச்சு என்று ஆளாளுக்குப் பின்னாலேயே வருவார்கள். அவளும் "நில்லுங்க, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. எதிரே வந்தவனை ஒரு போடு போட்டால் போதும். அந்த நிம்மதிக்கு ஈடே கிடையாது.

அந்த நிம்மதியில்தான் கொழுந்தன் மண்ணை அள்ளிப் போட்டான். போன மாதம் அவளுடைய பூசாரிக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமைப் பூசாரி. விடியல் நாடு முழுவதற்கும் அவள்தான் பெரியவள்.

"புதுசா என்னெல்லாம் செய்யலாம், தம்பி?" என்று நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

"ஒரு ஊரையே ஆசீர்வாதம் பண்ணலாம். கட்டுண்டு அலையுற உயிரை விடுவிச்சு அனுப்பலாம். அப்புறம் அண்ணி..."

"அப்புறம்?"

"வாசல்ல ஜனங்க நிக்கிறாங்க."

அன்றைக்குப் பிடித்தது சனி. இரண்டு கிராமத்துக்கும் பொதுவான மணி யாருக்கு என்று ஒரு வழக்கு. ஆலயக் கூரை ஒழுகுகிறது. கல்யாணத்தை நடத்தி வையுங்கள் என்று ஒரு ஜோடி. இளம் பூசாரி ஒருவனுக்கு ஊருக்குப் போக லீவு வேண்டுமாம்! "இங்கயும் லீவா!" என்று அவள் கத்திய கத்தலில் பகடை மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. கொழுந்தன் அசையவில்லை. பதவி ஏறினால் பொறுப்பும் கூடவே ஏறும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். ஆலயத்துக்குச் சட்டமும் வைத்தான்: வாசலில் வந்து நிற்கிறவரை விரட்டக் கூடாது, யாரும் அவர்மேல் கை வைக்கவும் கூடாது. கடைசி ஆளுக்குப் பதில் சொல்லும்வரை தலைமைப் பூசாரி படி தாண்டக் கூடாது.

துண்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை காற்றில் மடிப்பறைக் கதவு டமடமவென்று அடித்தது. "அந்தக் கதவைச் சாத்தித் தொலைங்க" என்றாள். உடனே கொழுந்தன் கதைக்குள் ஆலயக் கதவைச் சாத்திவிட்டான். வெளியே நின்ற திருடன், அதாவது அவள் கணவன், விடிய விடிய மரத்தின்மேல், கீழே ஓநாய்கள். வீட்டில் இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் விசிலக்காவே ஒரு விதி போட்டாள். தோளில் வெள்ளைத் துண்டு இருந்தால் பேசுவது பூசாரி. துண்டை எடுத்துவிட்டால் பேசுவது விசிலக்கா. "இனிமே யாரும் என் வாயைக் குழப்பக் கூடாது, பாத்துக்கோங்க" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். தானே போட்ட விதி.

இந்த ஞாயிறு பெரிய ஞாயிறு. எலும்புப் படை கணவாய்க்கு வந்துவிட்டது. தேநீர் இடைவேளைக்குள் கிளம்பினால்தான் அங்கே போய் மறிக்க முடியும். கணவாய் ஓரத்தில் மாத்திரைப் பெட்டி அட்டைகளை வெட்டி ஒட்டி, கோபுரமும் தொங்குபாலமும் செய்து வைத்திருந்தான் கொழுந்தன். பாலத்தில் நூலே கட்டியிருந்தான். வெள்ளை மூடிகள் மலைச்சரிவு முழுக்க நின்றன. நடுவில் பெரிய சிவப்பு மூடி. எலும்பு ராஜா.

அதைப் பார்த்ததும் விசிலக்காவுக்குக் கை அரித்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"சீக்கிரம், தம்பி. வாசல்ல யாரு?"

"மணிக்காக வந்திருக்கிற ரெண்டு ஊர்த் தலைவருங்க."

"மணியை ஒரு மாசம் இவங்க அடிக்கட்டும், அடுத்த மாசம் அவங்க. அடுத்து?"

"கல்யாண ஜோடி. போன மாசத்துல இருந்து நிக்கிறாங்க. பொண்ணுக்குக் கால் வலிக்குதாம்."

"ஆசீர்வாதம், ஆசீர்வாதம். நல்லா இருங்க. அடுத்து?"

"அட, ஒரு வார்த்தை நல்லதா சொல்லி அனுப்பக் கூடாதா?" என்றாள் கண்டக்டரம்மா. வில்லாளி என்று பெயரே தவிர, வரிசையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஆலய வாசலில் நின்று, முன்னாடி இடம் இருக்கு பாருங்க, உள்ள நகருங்க என்று ஜனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். திருடன் அந்தச் சந்தடியில் பொதுமணியைத் தூக்கப் பார்த்து, பகடையில் வெறும் ஒன்று விழுந்து, மணிக்குள்ளேயே தலை மாட்டிக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கணவனை ஒரு முறை முறைத்தாள். அப்போதுதான் கைபேசி அடித்தது.

சலவைக்கூடத்து இஸ்திரி அண்ணன். வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் கொதிகலன் பக்கமாக வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நில்லுங்க, வர்றேன் என்று சொல்லிவிட்டு, நின்றுபோன இயந்திரத்தைப் பார்க்கப் போனவள் திரும்பி வரவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஒண்ணு சொல்ல வந்தேனே, அது வந்து..."

"அண்ணே, லீவு, ஷிப்ட் எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை. எல்லாரையும் வரிசையா வந்து நிக்கச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி, செத்தவனே எழுந்து வந்தாலும் சரி, கடைசி ஆள் வரைக்கும் கேட்டுட்டுத்தான் இடத்தை விட்டு அசைவேன். போதுமா?"

வைத்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு, வெள்ளை வெளேரென்று, இருந்த இடத்திலேயே இருந்தது.

"இல்ல," என்றாள்.

"அண்ணி..."

"தம்பி, இது போன்ல பேசினது. இது கணக்கில்ல."

"துண்டு இருந்தா பூசாரி. நீங்க போட்ட விதி." அவன் கண்ணில் குறும்பு வழிந்தது. "தலைமைப் பூசாரி வாக்குக் கொடுத்துட்டாங்க. காத்து அதைக் கணவாய் வரைக்கும் கொண்டு போயிடுச்சு. செத்தவனே வந்தாலும் கேட்பாங்களாம். விடியல் நாட்டுலயும் பொழுது விடிஞ்சுது. திங்கட்கிழமை."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். விசிலக்கா துணைக்குக் கணவனைப் பார்த்தாள். ஓநாய் இரவை அவன் மறந்திருக்கவில்லை. "விதின்னா விதிதானேம்மா" என்று பிஸ்கட்டைக் கடித்தான்.

கொழுந்தன் எழுந்தான். மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய கோபுரத்தையும் நூல் பாலத்தையும் ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு அவற்றை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளை மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான். கணவாயிலிருந்து, ஆற்றைத் தாண்டி, சதுப்பு நிலத்தைச் சுற்றி, ஆலய வாசல்வரை. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசை. எலும்புப் படை ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றது. முதல் ஆளாக, பித்தளைப் பொத்தானுக்கு ஒரு விரல் இடைவெளியில், சிவப்பு மூடி.

"எலும்பு ராஜா கிரீடத்தைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, தலை குனிஞ்சு நிக்கிறான்," என்றான் கொழுந்தன்.

குனிந்த தலை. கைக்கெட்டிய தூரம். மூன்று வருடம். இப்படியா வந்து நிற்பான் படுபாவி!

"ஒரே அடி," என்று கணவன் அவள் காதோரம் கிசுகிசுத்தான். "எங்கயோ போயிடும் மண்டை."

"வரிசையில நிக்கிறவங்க மேல யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள் கண்டக்டரம்மா. "என் வண்டியிலயும் அப்படித்தான்."

விசிலக்கா பகடையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அடித்தால் அடி விழும். கொழுந்தன் தடுக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். பதவி போகும், அவ்வளவுதானே. போகட்டுமே! கூரை ஒழுகலும் மணிச் சண்டையும் சேர்ந்து தொலையட்டும். ஆனால் தலைகுனிந்து நிற்கிறவனை அடிப்பதற்கா மூன்று வருடம் காத்திருந்தாள்? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பகடையை டக்கென்று கீழே வைத்தாள்.

"என்னடா வேணும் உனக்கு?"

கொழுந்தன் குரலை மாற்றிக்கொண்டான். இத்தனை வருடமும் எலும்பு ராஜாவுக்கு அவன் ஒரு கர்ஜனை வைத்திருந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற கர்ஜனை. இப்போது வந்தது அதுவல்ல. அலுத்துப்போன, சாதாரணமான ஒரு மனிதக் குரல்.

"நான் இந்த ஆலயத்து வாசலுக்குத்தான் வந்தேன், தாயே. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. அப்போ இருந்த தலைமைப் பூசாரிகிட்ட ஒரு விஷயம் கேட்கணும்னு நின்னேன். அவங்களுக்கு ஏதோ அவசரம். 'நில்லுங்க, வர்றேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. பெரியவங்க வாக்கு. நின்னேன். எனக்குப் பின்னாடியும் ஜனம் வந்து நின்னுச்சு. செத்தும் நிக்கிறோம். பதில் வராம எங்களால போக முடியல."

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. கணவன் மெல்ல, "டேய், இது முன்னாடியே யோசிச்சு வெச்சதா?" என்று கேட்டான்.

"சத்தியமா இல்லண்ணே. இப்பதான் தோணுச்சு."

நில்லுங்க, வர்றேன். அது யாருடைய வாயில் தினமும் வருகிறது என்று அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். கன்னம் சூடாயிற்று. கோபப்படலாமா என்று பார்த்தாள், கோபம் வரவில்லை.

"அதெல்லாம் சரி," என்றாள் கடைசியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "என் கழுதையை எதுக்குக் கொன்னே?"

எலும்பு ராஜா யோசித்தான். "அது வரிசையில நிக்காம முன்னாடி வந்துச்சு, தாயே."

முதலில் சிரித்தது கண்டக்டரம்மா. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நியாயம்! நியாயம்!" அப்புறம் கணவன், அப்புறம் கொழுந்தன். விசிலக்கா பிடித்துவைத்துப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று வருடத்துச் சபதம் அந்தச் சிரிப்பிலேயே எங்கேயோ கரைந்து போனது.

"சரி, கேளு. அன்னைக்கு என்ன கேட்க வந்தே?"

"என் ஊருக்கு மழை வருமான்னு."

"வந்துச்சு," என்றாள் அவள், தயங்காமல். "நல்ல மழை. உன் பேரப் பிள்ளைங்க விளைச்சலை வீடு கொள்ளாம அடுக்கினாங்க. நான் வந்துட்டேன். ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்கோ. நீ போகலாம்."

பகடையை எடுக்கக் கை நீட்டினாள். கொழுந்தன் தலையசைத்தான். "இதுக்குப் பகடை வேண்டாம், அண்ணி. கதாயுதம் யார் வேணா தூக்கலாம். இதைச் சொல்ல உங்க பதவியில இருக்கிறவங்களாலதான் முடியும்." சிவப்பு மூடியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டான். டங்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"அடுத்து!" என்றாள் கண்டக்டரம்மா.

அன்றைய பிற்பகல் முழுக்க அதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தரவில்லை என்று ஓர் எலும்புக்கூடு. மாமியார் மன்னித்தாளா என்று இன்னொன்று. தன் கை எலும்பு எதிரே நிற்கிறவனிடம் மாறிப்போய்விட்டது என்று ஒன்று. அவனோ இது என்னுடையதுதான் என்று சாதித்தான். விசிலக்கா இருவரையும் கைகுலுக்கச் சொன்னாள், கை தானாக உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் அவசரப்படவில்லை. வாசலிலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த கல்யாண ஜோடியைக்கூட ஆள் விட்டுக் கூப்பிட்டு, பெண்ணுக்கு நாற்காலி போடச் சொல்லி, நான்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினாள். டங், டங் என்று டப்பா நிறைந்தது. கடைசியில் மணிக்குள் தலை மாட்டியிருந்த திருடனையும் விடுவித்தாள், இனி திருட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்த பிறகு. இவ்வளவு நன்றாக ஒரு சண்டையிலும் அவள் களித்ததில்லை.

வரிசை தீர்ந்து, விரிப்பு வெறுமையாகக் கிடந்தது. கணவன் கோப்பைகளைக் கழுவப் போனான். விசிலக்கா கைபேசியை எடுத்தாள்.

"அண்ணே, நான்தான். அன்னைக்கு உங்களை நிக்க வெச்சுட்டுப் போயிட்டேன். இன்னைக்கும் பேச விடல. சொல்லுங்க, கேட்கிறேன்."

மறுபக்கம் இஸ்திரி அண்ணன் தடுமாறினார். "இல்லக்கா, பெரிசா ஒண்ணுமில்ல. திங்கட்கிழமை வரிசையில நிக்கச் சொன்னீங்க. என்னால நிக்க முடியாதுன்னு சொல்லத்தான்..."

"ஏன்?"

"அன்னைக்கு எனக்குக் கல்யாணம்."

விசிலக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முன்தலை முழுக்க வழுக்கை. "யாரோட?"

"நம்ம மடிப்பறை அக்காவோடதான்." குரலில் வெட்கம் அப்படியே வழிந்தது. இதோ இந்த மேஜையில், எதிரும் புதிருமாக நின்று விரிப்பின் நான்கு முனையைப் பிடித்து மடிக்கிற அந்த அக்கா. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் ஓரடி ஓரடியாக நெருங்கி வருவதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள், எதுவும் தோன்றாமல். "பதிவு ஆபீஸ்லதான். எங்களுக்குப் பெரியவங்கன்னு யாரும் இல்ல. நீங்க சாட்சியா நின்னு கையெழுத்துப் போட்டா நல்லா இருக்கும்னு அவ ஆசைப்படுறா. நானும்தான். அதைக் கேட்கத்தான் வந்தேன். உங்களுக்கு வேலை இருந்தா பரவாயில்லக்கா, நீங்க எப்ப சொல்றீங்களோ அது வரைக்கும் நாங்க நிக்கிறோம்."

"நிக்க வேண்டாம்," என்றாள். கண் கலங்கிவிட்டது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. "நிக்கவே வேண்டாம். நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன். சாட்சி மட்டுமில்ல, நானே நடத்தி வெக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் லீவு. அவங்ககிட்ட போனைக் குடுங்க."

கொழுந்தன் அவளுடைய தோளைச் சுட்டிக்காட்டினான். "அண்ணி, துண்டு."

"தெரியும்டா," என்றாள், துண்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு.